நம்பிக்கை போனபின் நன்மை தீமையை எதைக் கொண்டு அளப்பது?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் என் சொற்களில் திரும்பச் சொல்லிப் பார்க்கிறேன். ஆங்கிலத் தத்துவ ஞானி ஜான் லாக்கையும் ஸ்காட்லாந்துத் தத்துவ ஞானி டேவிட் ஹியூமையும் படித்தபின், பிறந்த சமயத்தின் மீதிருந்த நம்பிக்கை உங்களிடம் கரைந்துவிட்டது. அனுபவத்தால் சோதிக்க முடியாத எதையும் உண்மை என்று ஏற்க மனம் ஒப்பவில்லை. ஆயினும் ஒரு தவறு செய்யத் துணியும் கணத்தில் உங்களைத் தடுப்பது அந்தத் தத்துவ ஞானிகளின் வாதமன்று. சிறு வயதில் கேட்ட சமயக் கதையொன்றின் குரல்தான். "ஒழுக்கத்துக்கு வழிகாட்டியாக அனுபவவாதம், சமய ஞானம் இவ்விரண்டில் எது மேலானது?" என்று தொடங்கியிருந்தாலும், உங்களை உண்மையில் உறுத்துவது அதுவன்று என்று நினைக்கிறேன். நம்பாத ஒன்றின் சொல்லுக்குத் தொடர்ந்து கட்டுப்படுவது நேர்மைக் குறைவு ஆகாதா என்பதும், ஆறு வயது மகளுக்கு அந்தக் கதைகளைச் சொல்லலாமா என்பதுமே உங்கள் கேள்வி. அந்த இரண்டுக்கும் வந்து சேர்வதற்குச் சற்றுச் சுற்றிப் போக வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கல்லூரியில் மெய்யியல் கற்பிப்பவன். பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டு அனுபவவாதிகள்தாம் என் பாடம். இறையியல் எனக்கு முறையாகக் கற்ற துறையன்று. ஆகையால் சமயங்கள் தம்மைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் உண்மைகள் மெய்யா பொய்யா என்னும் வழக்கை இங்கே எடுக்கப்போவதில்லை. அவை வாழ்க்கைக்கு எப்படி வழிகாட்டுகின்றன என்பதை மட்டும் பேசுகிறேன். ஒரு சொல்லையும் முன்னதாகத் தெளிவாக்கிவிட வேண்டும். அனுபவவாதம் என்றால் "எனக்குப் பட்டதே சரி" என்பது பொருளன்று. நம் கருத்துகள் யாவும் புலனுணர்விலிருந்தும் மனம் தன்னைத் தானே கவனிப்பதிலிருந்தும் பிறக்கின்றன, ஆகையால் எந்தக் கருத்தையும் அந்த மூலத்துக்குத் திருப்பிக் கொண்டுபோய் உரசிப் பார்க்கலாம் என்பதே அதன் அடிப்படை. ஒருவருடைய சொந்த அனுபவமும் அந்த உரைகல்லுக்கு உட்பட்டதுதான்.

லாக்கிலிருந்து தொடங்குவது நல்லது. ஏனெனில் அவரைப் படித்து நம்பிக்கை இழந்தவர்கள் பலர் அவர் எங்கே போய் நின்றார் என்பதைக் கவனிப்பதில்லை. 1689இல் வெளிவந்த மனித அறிவு பற்றிய தம் பெருநூலின் முதற்பகுதியில், ஒழுக்க விதி எதுவும் பிறக்கும்போதே மனத்தில் எழுதப்பட்டு வருவதில்லை என்று அவர் வாதிடுகிறார். அங்கே ஓர் அழகான எடுத்துக்காட்டு வருகிறது. கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டும் என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். ஏன் என்று கேட்டால், கிறித்தவர் இறைவன் அப்படிக் கேட்கிறான் என்பார். ஆங்கில அரசியல் சிந்தனையாளர் ஹாப்ஸின் வழி வந்தவர், சமுதாயம் கேட்கிறது, மீறினால் அரசு தண்டிக்கும் என்பார். பழைய கிரேக்க, ரோமானிய ஞானியோ, வாக்குத் தவறுவது மனிதனின் மாண்புக்கு இழுக்கு என்பார். விதி ஒன்று, காரணம் மூன்று. விதி பிறவியிலேயே பதிந்திருந்தால் காரணம் இப்படிப் பிரிந்திருக்காது என்பது லாக்கின் முடிவு.

அதே லாக், ஒழுக்கத்தைக் கணிதத்தைப் போல நிறுவிக்காட்ட முடியும் என்றும் எழுதினார். ஆனால் நிறுவிக் காட்டவில்லை. அவருடைய நண்பர் வில்லியம் மாலினோ அப்படி ஒரு நூலை எழுதும்படி விடாமல் வற்புறுத்தியபோது, 1696இல் எழுதிய கடிதத்தில், நற்செய்தி நூலிலேயே நிறைவான அறநெறி அடங்கியிருக்கும்போது பகுத்தறிவை அந்த உழைப்பிலிருந்து விடுவித்துவிடலாம் என்று பதில் சொல்லிவிட்டார். சமயப் பொறுமைக்காக வாதாடிய அவருடைய புகழ்பெற்ற கடிதமே, கடவுளை மறுப்பவர்களைப் பொறுத்துக்கொள்ளக் கூடாது என்கிறது. வாக்கும் ஒப்பந்தமும் ஆணையும் அவர்களைக் கட்டுப்படுத்தா என்பது அவர் சொன்ன காரணம். அனுபவவாதத்தின் தந்தை எனப்படுபவர், அறிவுக்கு அனுபவத்தையும் ஒழுக்கத்துக்கு இறைவன் ஆணையையும் வைத்துக்கொண்டார். இது அவருடைய கோழைத்தனம் என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அனுபவத்திலிருந்து கடமைக்குப் போகும் பாதையில் ஒரு பள்ளம் இருப்பதை அவர் உணர்ந்திருந்தார் என்றே எனக்குப் படுகிறது.

அந்தப் பள்ளத்தை வெளிப்படையாகச் சுட்டிக்காட்டியவர் ஹியூம். 1740இல் வெளிவந்த நூற்பகுதியில், தாம் படித்த ஒழுக்க நூல்கள் எல்லாம் 'இருக்கிறது', 'இல்லை' என்று பேசிக்கொண்டே வந்து, திடீரென்று 'வேண்டும்', 'கூடாது' என்று மாறிவிடுவதைக் கண்டு வியப்பதாகச் சொல்கிறார். உலகில் என்ன நடக்கிறது என்பதை எவ்வளவு துல்லியமாகக் கண்டறிந்தாலும், அதிலிருந்து மட்டும் என்ன செய்ய வேண்டும் என்பது பிறக்காது. இது என் கணிப்பில் ஐயத்துக்கு இடமில்லாதது. அந்த இடைவெளியை நிரப்பிவிட்டதாகச் சொன்னவர்கள் பலர் உண்டு. ஒவ்வொருவர் வாதத்திலும் எங்கோ ஓரிடத்தில் ஒரு 'வேண்டும்' முன்னதாகவே வந்து உட்கார்ந்திருப்பதைக் காட்ட முடியும்.

ஆனால் இதைக் கேட்டுச் சமயத்தின் பக்கம் நிற்பவர் மகிழ்ந்துவிட முடியாது. "இறைவன் இதைக் கட்டளையிட்டிருக்கிறான்" என்பதும் ஒரு 'இருக்கிறது'தான். அதிலிருந்து "ஆகையால் நான் செய்ய வேண்டும்" என்று போவதற்கு, அவன் நல்லவன், அவன் சொல் பின்பற்றத்தக்கது என்னும் இன்னொரு மதிப்பீடு தேவைப்படுகிறது. நல்லது என்பதால் தேவர்கள் விரும்புகிறார்களா, தேவர்கள் விரும்புவதால் அது நல்லதாகிறதா என்று பிளேட்டோவின் உரையாடலொன்றில் சாக்ரட்டீஸ் கேட்டது இதைத்தான். ஆகவே கடைசி அடித்தளத்தைத் தருவதில் ஒன்று மற்றொன்றைவிட மேலானது என்று சொல்ல வழியில்லை. இருவரும் ஏதோ ஒரு மதிப்பீட்டைக் கையில் வைத்துக்கொண்டே தொடங்குகிறார்கள். அது எங்கிருந்து வருகிறது என்பதற்கு ஹியூமின் சொந்த வாழ்க்கையே ஒரு விடை தருகிறது.

1776 ஜூலையில், மரணப் படுக்கையில் இருந்த ஹியூமைப் பார்க்க எழுத்தாளர் ஜேம்ஸ் பாஸ்வெல் போனார். சாகும் வேளையிலாவது இவர் மனம் மாறியிருக்குமா என்று அறிவது அவர் நோக்கம். மாறவில்லை, லாக்கையும் இறையியலாளர் கிளார்க்கையும் படிக்கத் தொடங்கிய பிறகு தமக்குச் சமய நம்பிக்கை இருந்ததேயில்லை என்று ஹியூம் அமைதியாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் சிறுவனாக இருந்தபோது தாம் பக்தி மிகுந்தவராக இருந்ததையும் சொன்னார். 'மனிதனின் முழுக் கடமை' என்று அக்காலத்தில் வீடுதோறும் புழங்கிய பக்தி நூல் ஒன்று இருந்தது. அதன் இறுதியில் இருந்த தீக்குணங்களின் பட்டியலைச் சிறுவன் ஹியூம் சுருக்கி எழுதிக்கொண்டு, அதை வைத்துத் தன்னைத் தானே சோதித்துப் பார்த்திருக்கிறான்; கொலை, திருட்டு போன்று தான் செய்ய வாய்ப்பில்லாதவற்றை விட்டுவிட்டு, சக மாணவர்களை விஞ்சி நிற்கும்போதும் தன்னிடம் செருக்கு இல்லாமல் இருக்கிறதா என்று பார்த்திருக்கிறான். பெரியவரான பின், 1739இல், மெய்யியலாளர் ஹட்சிசனுக்கு எழுதிய கடிதத்தில், நற்குணங்களின் பட்டியலை அந்தப் பக்தி நூலிலிருந்து எடுக்க விரும்பவில்லை, பழைய ரோமானிய அறிஞர் சிசரோவின் கடமைகள் பற்றிய நூலிலிருந்தே எடுக்க விரும்புகிறேன் என்று குறிப்பிட்டார்.

அந்த வாக்கியத்தை நான் பல ஆண்டுகளாக மாணவர்களுக்குப் படித்துக் காட்டி வருகிறேன். அனுபவவாதிகளிலேயே மிகக் கறாரானவர், பட்டியலை வெறும் புலனுணர்விலிருந்து எழுதத் தொடங்கவில்லை. ஒரு பட்டியலைக் கீழே வைத்துவிட்டு, அதைவிடப் பழைய இன்னொன்றைக் கையில் எடுத்தார். பின்பு அதில் உள்ள ஒவ்வொரு குணத்தையும் எடுத்து, இது உடையவருக்கோ பிறருக்கோ பயன் தருகிறதா, உடையவருக்கோ பிறருக்கோ இன்பம் தருகிறதா என்று கேட்டுப் பார்த்தார். 1751இல் வெளிவந்த அவருடைய அறநெறி ஆய்வு முழுவதும் இந்தச் சோதனைதான். நான் சொல்ல வந்தது இதுவே: ஒழுக்கப் பட்டியலை எவரும் வெற்றுத்தாளில் எழுதுவதில்லை. அது வழிவழியாக வந்து சேர்கிறது, பெரும்பாலும் சமயத்தின் கைவழியாக. வந்து சேர்ந்ததைத் திருத்துவதில்தான் அனுபவம் தன் வேலையைக் காட்டுகிறது.

இதை மாணவர்களே உணரட்டும் என்று வகுப்பில் ஒரு பயிற்சி தருவதுண்டு. நல்ல மனிதரிடம் இருக்க வேண்டிய பத்துக் குணங்களை எழுதச் சொல்வேன். எதிரே, அதை எங்கே கற்றார்கள் என்று எழுத வேண்டும். பிறகு, தாங்கள் கண்டதும் பட்டதுமான வாழ்க்கையை வைத்துப் பார்த்து, வேண்டாதவற்றை அடிக்க வேண்டும். ஓராண்டு ஒரு மாணவியின் தாளில் 'பொறுமை' என்பது முதல் வரியில் இருந்தது. எதிரே 'பாட்டி சொன்ன கதைகள்' என்று எழுதி, பிறகு அந்த வரியைப் பேனா தாளைக் கிழிக்கும் அளவுக்கு அழுத்தி அடித்திருந்தாள். ஓரத்தில் ஒரு குறிப்பு: "அப்பா அடிக்கும்போதெல்லாம் அம்மாவிடம் எல்லோரும் சொன்னது இதைத்தான்." அந்தத் தாளின் அடியில், பத்துக் குணங்களும் முடிந்தபின், அதே சொல் சிறிய எழுத்தில் மீண்டும் வந்திருந்தது: "பொறுமை: என்னைவிட எளியவர்களிடம்." அந்தத் தாளைத் திருப்பித் தரும்போது மதிப்பெண் போட எனக்குக் கை வரவில்லை. பாட்டியின் கதை இல்லாவிட்டால் அவளுக்கு அந்தச் சொல்லே கிடைத்திருக்காது. தாய் பட்ட அடிகளைக் கண்ணால் கண்டிராவிட்டால், அந்தச் சொல் யாருக்குக் கேடயமாகிறது, யாருக்கு விலங்காகிறது என்பது தெரிந்திருக்காது.

ஆகவே முதல் உறுதியான பதில்: ஒரு செயலால் யாருக்கு என்ன நேர்கிறது என்பது கேள்வியாக இருக்கும்போது, அனுபவமே முடிவு சொல்ல வேண்டும், எவ்வளவு பழைய வாக்காக இருந்தாலும் அங்கே அது வழிவிட வேண்டும். குழந்தையை அடித்து வளர்ப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். பிரம்பை எடுக்காதவன் மகனைப் பகைக்கிறான் என்று விவிலியத்தின் நீதிமொழிகள் சொல்கின்றன. அடியாத மாடு படியாது என்று நாமும் சொல்லி வந்திருக்கிறோம். அது அன்பினால் சொல்லப்பட்டது என்பதை மறுக்கவில்லை. ஆனால் அடி குழந்தையை என்ன செய்கிறது என்பது எண்ணிப் பார்த்துச் சொல்லக்கூடிய செய்தி. 1,60,000க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் வெளியான ஆய்வொன்று, பிட்டத்தில் அடிபடும் குழந்தைகளிடம் முரட்டுத்தனமும் மனநலச் சிக்கல்களும் கூடுதலாகக் காணப்படுவதைக் காட்டியது. சுவீடன் 1979லேயே பிள்ளைகளை அடிப்பதைச் சட்டத்தால் தடை செய்துவிட்டது. இதிலும் உறுதியானதையும் ஐயத்துக்குரியதையும் பிரிக்க வேண்டும். அடியும் முரட்டுத்தனமும் சேர்ந்தே காணப்படுகின்றன என்பது உறுதி. முரட்டுக் குழந்தைகள்தாம் கூடுதலாக அடி வாங்குகிறார்களா என்னும் எதிர்க்கேள்வி இன்னும் முழுவதும் ஓயவில்லை. விளைவின் அளவு பெரிது அல்ல என்று வாதிடுபவர்களும் இருக்கிறார்கள். அடித்தால் நல்லது நடக்கிறது என்பதற்கு அந்தத் தொகுப்பில் சான்று கிடைக்கவில்லை. அடிப்பதை நிறுத்த எனக்கு அது போதும். ஆனால் ஒரு குழந்தையின் வலி ஏன் பொருட்படுத்தத்தக்கது என்பதை அந்த எண்களில் எதுவும் சொல்லாது. அந்த அக்கறையோடுதான் ஆய்வாளர்கள் எண்ணவே தொடங்கினார்கள்.

இனி எதிர்ப்பக்கம். ஹியூம் தம் சோதனையைக் கொண்டு துறவறக் குணங்கள் என்று ஒரு தொகுதியையே தூக்கி எறிந்தார்: மணத்துறவு, நோன்பு, தவம், உடலை வருத்தல், தன்மறுப்பு, பணிவு, மௌனம், தனிமை. இவை ஒருவரைச் செல்வத்தில் உயர்த்துவதுமில்லை, சமுதாயத்துக்குப் பயனுள்ளவராக ஆக்குவதுமில்லை, அறிவை மழுக்கி நெஞ்சைக் கடினமாக்குகின்றன என்பது அவர் தீர்ப்பு. இங்கே அவர் தம் சொந்த விதியையே மீறிவிட்டார் என்பது என் எண்ணம். பணிவையும் மௌனத்தையும் அவர் பழகிப் பார்த்துச் சொல்லவில்லை. நல்ல உரையாடலும் நண்பர்களும் நிறைந்த ஒரு விருந்து மேசையிலிருந்து அவற்றைப் பார்த்துச் சொன்னார். தன் கருத்து தவறாக இருக்கலாம் என்று எண்ணும் பணிவு இல்லாமல் எந்தச் சோதனையும் நடக்காது. துயரத்தில் இருப்பவர் அருகில் வாய் திறக்காமல் உட்காரத் தெரிந்தவரின் மௌனம் எவ்வளவு பயனுடையது என்பதை, அப்படி ஒருவர் அருகில் இருந்ததை உணர்ந்த எவரும் சொல்வர். நீண்ட காலம் பழகினால் மட்டுமே பயன் தெரியும் குணங்கள் இருக்கின்றன. அவற்றை வெளியில் நின்று சோதிக்கிறவர், சோதிக்காமலே தள்ளிவிடுகிறார். மணத்துறவையும் உடலை வருத்துவதையும் பொறுத்தவரை ஹியூமோடு எனக்குப் பெரிய வேறுபாடு இல்லை.

இதைவிடக் கனமான ஒரு குற்றச்சாட்டும் இருக்கிறது. நாடுகளின் குணங்களைப் பற்றிய தம் கட்டுரையில், 1753 பதிப்பில் ஹியூம் ஓர் அடிக்குறிப்பைச் சேர்த்தார். கறுப்பின மக்களும் பொதுவாக வெள்ளையர் அல்லாத பிற இனத்தவர் அனைவரும் இயல்பிலேயே வெள்ளையரைவிடத் தாழ்ந்தவர்கள் என்று தாம் ஐயுறுவதாக அதில் எழுதினார். ஜமைக்காவில் கற்றறிந்த கறுப்பர் ஒருவர் இருப்பதாகச் சொல்கிறார்களே என்றால், அது சில சொற்களைத் தெளிவாகச் சொல்லும் கிளியைப் புகழ்வது போன்றதாக இருக்கலாம் என்றார். இதை அனுபவத்தின் பெயரால் எழுதினார் என்பதுதான் நெஞ்சை அறுக்கிறது. எதிர்ச்சான்று கண்முன் இருந்தது, அதைக் கிளி என்று தள்ளிவிட்டார். 1770இல் அவரை மறுத்து எழுதிய ஜேம்ஸ் பீட்டி, சமயத்தைக் காப்பதற்காகவே பேனாவை எடுத்தவர். மெய்யியல் நுட்பத்தில் ஹியூமுக்கு அருகில் வைக்கத்தக்கவர் அல்லர். ஆனால் மெக்சிகோவையும் பெருவையும் சுட்டிக்காட்டி, இத்தனை பெரிய பேரரசுகளை அமைத்து ஆண்டவர்களைப் பற்றி இப்படிச் சொல்ல முடியுமா என்று அவர் கேட்டார். அந்த இடத்தில் பக்தர்தான் சான்றைப் பார்த்தார், அனுபவவாதி பார்க்கவில்லை. இன்னும் முன்னே போனால், 1688இலேயே பென்சில்வேனியாவின் ஜெர்மன்டவுனில் குவேக்கர் என்னும் கிறித்தவப் பிரிவினர் நால்வர் கையெழுத்திட்டு, பிறர் நமக்கு எதைச் செய்ய விரும்புவோமோ அதையே பிறருக்குச் செய்ய வேண்டும் என்னும் வேதவாக்கைக் கொண்டு அடிமை வணிகத்தை எதிர்த்தார்கள். அதே வேதத்தில் நோவா இட்ட சாபத்தைக் காட்டி அடிமைமுறையை நியாயப்படுத்திய போதகர்களுக்கும் குறைவில்லை என்பதையும் இந்த இடத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

இதிலிருந்து எனக்குத் தெரிவது: வழிகாட்டி எந்தப் பள்ளியைச் சேர்ந்தது என்பதைவிட, அதைப் பின்பற்றுவதால் அடிபடுகிறவரின் குரல் அதனுள் நுழைய வழி இருக்கிறதா என்பதே பெரிதாகக் கேட்க வேண்டியது. அனுபவவாதம் அந்த வழியைக் கொள்கையிலேயே திறந்து வைத்திருக்கிறது; அதைக் கைக்கொண்டவர்கள் பல முறை கதவைச் சாத்தினார்கள். சமயங்கள் பல, கொள்கையளவில் கதவைச் சாத்தி வைத்திருக்கின்றன. உள்ளே இருந்தவர்கள் சிலர் அதைத் திறந்தார்கள். கொள்கையில் திறந்திருப்பது மேல் என்று நான் எண்ணுகிறேன். ஏனெனில் சாத்தியவரிடம் அவருடைய விதியையே காட்டித் தவற்றைச் சொல்ல முடியும். ஹியூமின் அடிக்குறிப்பை ஹியூமின் முறையைக் கொண்டே மறுக்கலாம்.

சமய ஞானம் என்று ஒரே பொருளைப் பேசுவதும் சரியன்று. பொய் சொல்லலாமா என்னும் ஒரே கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். கி.பி. 395 அளவில் பொய்யைப் பற்றி எழுதிய கிறித்தவ இறையியலாளர் அகஸ்டின், ஓர் உயிரைக் காக்கவும் பொய் கூடாது என்றார். தகாஸ்தே நகரின் ஆயர் ஃபிர்மஸ், பேரரசரின் ஆட்கள் தேடி வந்த ஒருவரை மறைத்து வைத்திருந்து, "என்னால் பொய்யும் சொல்ல முடியாது, அவரைக் காட்டிக்கொடுக்கவும் முடியாது" என்று சொல்லிச் சித்திரவதையைத் தாமே ஏற்ற நிகழ்ச்சியை அவர் போற்றிச் சொல்கிறார். நம் குறளோ, குற்றமற்ற நன்மையைத் தருமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்று 292ஆம் பாட்டில் விளைவைக் கொண்டே அளக்கிறது. குறளைச் சமய நூலாகக் கொள்வதா என்பது பழைய வழக்கு, அதற்குள் போகவில்லை. காலாமர் என்னும் குடியினருக்குப் புத்தர் சொன்ன அறிவுரை இன்னும் நெருக்கமானது: வழிவழி வந்தது என்பதாலோ, நூலில் இருக்கிறது என்பதாலோ, சொன்னவர் நம் ஆசான் என்பதாலோ ஏற்காதீர்கள், இது துன்பம் விளைவிக்கிறது என்று நீங்களே அறியும்போது விடுங்கள் என்றார். இதைத் தூய அனுபவவாதமாக மேற்கோள் காட்டுபவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். அதே உரையில், தர்க்கத்தால் பெறப்பட்டது என்பதாலும் ஏற்காதீர்கள் என்று இருக்கிறது. அறிஞர்கள் பழிப்பதா என்பதும் அங்கே ஓர் அளவுகோலாக இருக்கிறது. விலங்குகளைப் பற்றிய கேள்வியில் ஆங்கிலத் தத்துவ ஞானி பெந்தம் 1789இல் அவை துன்புறுகின்றனவா என்று கேட்டது பெரிய திருப்பமாகப் போற்றப்படுகிறது, போற்றத்தக்கதுதான். ஆனால் சமணர்கள் அதற்கு ஈராயிரம் ஆண்டுகளுக்கும் முன்னரே கொல்லாமையை வாழ்ந்து காட்டிவிட்டார்கள்.

இப்போது உங்களைத் தடுக்கும் அந்தக் குரலுக்கு வருகிறேன். எது சரி என்று அறிவது ஒன்று. தேவைப்படும் நொடியில் அதைச் செய்வது வேறொன்று. இதில் வாதங்கள் எவ்வளவு வலுவற்றவை என்பதைக் காட்டும் சோதனை ஒன்று 1973இல் வெளியானது. பிரின்ஸ்டனில் இறையியல் பயிலும் மாணவர்கள் நாற்பது பேரை, ஒரு சிறு உரை நிகழ்த்தப் பக்கத்துக் கட்டடத்துக்குப் போகச் சொன்னார்கள். சிலருக்குத் தரப்பட்ட பொருள், வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதை. போகும் வழியில் ஒருவர் வாசற்படியில் சுருண்டு இருமிக்கொண்டிருக்குமாறு ஏற்பாடு செய்யப்பட்டிருந்தது. அவசரப்படுத்தப்படாதவர்களில் 63 விழுக்காட்டினர் உதவ நின்றார்கள். மிகவும் அவசரப்படுத்தப்பட்டவர்களில் 10 விழுக்காட்டினர் மட்டுமே. சமாரியன் கதையை மனத்தில் சுமந்து போனது குறிப்பிடத்தக்க வேறுபாடு எதையும் தரவில்லை. நாற்பது பேர் என்பது சிறிய எண்ணிக்கை. அதன்மேல் பெரிய மாளிகை கட்ட மாட்டேன். ஆயினும் நல்ல கருத்து தலையில் இருப்பதும், கால் நிற்பதும் ஒன்றல்ல என்பதற்கு இது எச்சரிக்கை. இது சமயத்துக்கு எதிரான சான்று என்று நினைத்துவிட வேண்டாம். ஹியூமின் பரிவு பற்றிய அதிகாரத்தைப் பற்றி உரை நிகழ்த்தப் போனவரும் அப்படித்தான் கடந்து போயிருப்பார்.

காலை நிறுத்துவது பெரும்பாலும் பழக்கம். சமய மரபுகளின் உண்மையான வலிமை அவற்றின் கொள்கைகளில் இருப்பதைவிட இங்கே கூடுதலாக இருக்கிறது என்பது என் கருத்து. ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. நாள் முடிவில் செய்ததை எண்ணிப் பார்க்கச் சொல்கின்றன. கொடுப்பதற்கு ஒரு நாளையும், மன்னிப்புக் கேட்பதற்கு ஒரு நாளையும் குறித்துத் தருகின்றன. தவறினால் பார்க்க நான்கு பேரை உடன் வைக்கின்றன. அனுபவவாதம் இப்படிப்பட்ட பயிற்சிகளைத் தனக்கென உருவாக்கிக்கொள்ளவில்லை. அதை மனமாரப் போற்றும் நான் இதை ஒரு பெரிய குறையாகவே கருதுகிறேன். நம்பிக்கையை எடுத்துவிட்டு இந்தப் பழக்கங்களை மட்டும் தலைமுறை தலைமுறையாக வைத்துக்கொள்ள முடியுமா என்பது உண்மையான ஐயம். முடியும் என்பவர்கள் ஹியூம் போன்ற மனிதர்களைக் காட்டுவார்கள். ஆனால் ஹியூமும் பக்தி நிறைந்த வீட்டில், அந்தத் தீக்குணப் பட்டியலோடு வளர்ந்தவர். அது இல்லாமல் வளர்ந்த மூன்றாம் தலைமுறையைப் பற்றி அவருடைய வாழ்க்கை எதையும் நிறுவவில்லை.

ஆக, உங்கள் முதல் உறுத்தலுக்கு என் பதில்: அந்தக் குரலுக்குச் செவிசாய்ப்பதில் நேர்மைக் குறைவு இல்லை. லாக்கின் எடுத்துக்காட்டை நினைத்துப் பாருங்கள். வாக்கைக் காக்கும் மூவரும் வெவ்வேறு காரணம் சொல்கிறார்கள். ஒருவர் தம் காரணத்தை மாற்றிக்கொண்டால் வாக்கைக் காப்பது பொய்யாகிவிடுமா? இறைவன் பார்க்கிறான் என்பதற்காக நேற்றுவரை கடனைத் திருப்பிக் கொடுத்தீர்கள். இன்று கடன் கொடுத்தவரின் முகத்தை நினைத்துத் திருப்பிக் கொடுக்கிறீர்கள். பழைய சொற்களில் அந்தக் குரல் வருவதற்குக் காரணம், உங்களுக்கு ஒழுக்கம் கற்பிக்கப்பட்ட மொழி அது என்பதே. நேர்மைக் குறைவு வரக்கூடிய இடம் வேறு. அந்தக் குரல் சொன்னது என்பதையே காரணமாகக் காட்டி, நீங்கள் நம்பாத ஒன்றைப் பிறர்மேல் சுமத்தினால், அல்லது உங்களுக்கு வசதியானதைச் சொல்லும்போது மட்டும் அதைக் கேட்டு, வசதியற்றதைச் சொல்லும்போது "இது வெறும் கதை" என்று ஒதுக்கினால், அப்போது உங்களை நீங்களே ஏமாற்றுகிறீர்கள். என் மாணவி செய்ததைப் போல வரி வரியாகப் பாருங்கள். அடிக்க வேண்டியதை அடியுங்கள். அடித்ததற்குக் காரணத்தை ஓரத்தில் எழுதிவையுங்கள். ஹியூம் பணிவை அடித்ததைப் போல, பழகிப் பார்க்காத ஒன்றை மட்டும் அவசரப்பட்டு அடித்துவிடாதீர்கள்.

மகளுக்குக் கதைகளைச் சொல்லுங்கள் என்பதே என் எண்ணம். இது உறுதியான அறிவு அன்று. வகுப்பறையில் கண்டதும், இரண்டு பிள்ளைகளை வளர்த்துக் கண்டதும் சேர்ந்த கணிப்பு. "இது உண்மையாகவே நடந்ததா?" என்று அவள் கேட்கும் நாளில், நடந்ததாக நான் நினைக்கவில்லை, ஆனால் நிறைய பேர் நினைக்கிறார்கள் என்று உள்ளபடியே சொல்லிவிடுங்கள். பிள்ளைகள் அந்த விடையை நாம் அஞ்சுவதைவிட எளிதாக ஏற்கிறார்கள், கதையையும் விடுவதில்லை. தவறு செய்தவர்களைக் கொதிக்கும் எண்ணெயில் இடும் கதைகளை மட்டும் நான் சொல்லாமல் விட்டேன். அந்த அச்சம், எதற்காக அஞ்சினோம் என்பது மறந்துபோன பிறகும் நெடுங்காலம் தங்கிவிடுகிறது. அதை நாற்பது வயதிலும் சுமப்பவர்களை எனக்குத் தெரியும்.